கத்தாத பெட்டி

கீழ்வீட்டு அக்காவுக்குத் திருடிப் பட்டம் கட்ட, அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு ஒரு திங்கட்கிழமைக் காலையே போதுமானதாக இருந்தது. அத்தனை வருஷமாக மருந்துக் கிடங்கை ஒரு மாத்திரை குறையாமல் பார்த்துக்கொண்டவர் என்பதை எடுத்துச் சொல்ல அங்கே ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. பழி போடும் வேலைக்கு மட்டும் எல்லோரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள்.

புதன்கிழமை காலை அவர் மாடியேறி எங்கள் வாசலில் வந்து நின்றார். எங்கள் வாசலில் ‘துப்பறியும் நிறுவனம்’ என்று ஒரு பலகை தொங்குகிறது. நிறுவனம் என்றால் இரண்டு பேர். ஒருவர் என் அண்ணி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துப் பிடித்து, கடைசியில் மேனேஜரின் மச்சானையே பிடித்துவிட்டதால் வெளியே வந்தவர். இன்னொருவன் நான், அவருடைய கொழுந்தன். ஸ்கூட்டர் ஓட்டுவது, டீ போடுவது, பேசக் கூடாத நேரத்தில் பேசுவது ஆகியவை என் பொறுப்பு. என் அண்ணன் கப்பலில் வேலை பார்க்கிறார். வருஷத்தில் பாதி கடலில் இருப்பார், மீதிப் பாதி தூக்கத்தில்.

“சாயங்காலம் போலீஸ்ல புகார் கொடுக்கப் போறாங்களாம்” என்றார் கீழ்வீட்டு அக்கா. கண் வீங்கியிருந்தது. “என் பையன் நேத்து ஸ்கூல்ல ஒருத்தனை அடிச்சிட்டு வந்திருக்கான். எதுக்குடான்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறான். சொல்லாமலே எனக்குத் தெரியாதா?”

அண்ணி அவரை உட்கார வைத்தார். நான் டீ கொண்டுவந்தேன். கதை இதுதான்.

ஆஸ்பத்திரியில் ஒரு குளிர் அறை. உள்ளே குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி மருந்தும் இன்சுலினும். சனிக்கிழமை இரவு குளிர் இயந்திரம் படுத்துவிட்டது. ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை அக்கா கதவைத் திறந்தபோது உள்ளே அடுப்படி மாதிரி வெக்கை. மருந்து முழுவதும் வீண். அறை சூடானால் ஊரைக் கூட்ட வேண்டிய எச்சரிக்கைப் பெட்டி சுவரில் தேமே என்று தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே இருந்த காவலாளி இரண்டு நாளும் ஒரு சத்தமும் கேட்கவில்லை என்கிறார்.

“பெட்டி விக்கிற கம்பெனிக்காரர் வந்தார். எப்பவும் டை கட்டிக்கிட்டு வருவார், டைக்காரர்னுதான் நாங்க சொல்வோம். பெட்டி நூத்துக்கு நூறு சரியா இருக்காம். நான் பாதி மருந்தைத் திருடி வித்துட்டு, மெஷினை நிறுத்திட்டு, சூட்டை அளக்கிற சென்சார் கம்பியை ஐஸ் தண்ணியில போட்டு ஏமாத்திட்டேனாம். கெட்டுப்போன மருந்தை எண்ணாம கொட்டிடுவாங்க இல்ல, அதனால திருட்டு தெரியாதாம்.”

“ஐஸ் தண்ணிக்கு என்ன ஆதாரம்?” என்றார் அண்ணி.

“என் தண்ணி பாட்டில் அந்த ரூம்ல இருந்துச்சு.”

“தண்ணி குடிக்கிற பழக்கம் இருக்கா உங்களுக்கு?” என்றேன் நான். “அப்போ கஷ்டம்தான்.”

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கேட்டார். “கதவைத் திறந்ததும் என்ன பண்ணீங்க?”

“போன்ல வீடியோ எடுத்தேன். பெரிய டாக்டருக்கு அனுப்பணுமே.”

ஆஸ்பத்திரியின் தலைவரைத்தான் எல்லோரும் பெரிய டாக்டர் என்கிறார்கள். அந்த வீடியோவைப் பார்த்தாரோ இல்லையோ, பதிலாக அக்காவுக்கு சஸ்பென்ஷன் அனுப்பியிருந்தார்.

அண்ணி வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். ஈரத்தில் ஊறிய அட்டைப்பெட்டிகள், அக்காவின் அழுகை, கடைசியில் சுவரில் அந்த எச்சரிக்கைப் பெட்டி. சின்னத் திரையில் ‘7’ என்று எண். பக்கத்தில் ஒரு குட்டி இதயப் படம்.

“இந்த இதயம் எதுக்கு?”

“அது சும்மா, துடிச்சிட்டே இருக்கும். பெட்டி உயிரோட இருக்குன்னு அர்த்தமாம். மாட்டினப்போ சொன்னாங்க.”

“இதுல துடிக்கலையே.”

மூன்று பேரும் போனின் மேல் குனிந்தோம். வீடியோ ஆடியதே தவிர, இதயம் அசையவில்லை. எண்ணும் ஏழிலேயே நின்றிருந்தது.

“தம்பி, இப்போ வாயைத் திறக்கலாம். பெட்டியை யாராவது அணைச்சிருந்தா?”

“திரை இருண்டு போயிருக்கும்.”

“சென்சாரை ஐஸ்ல போட்டிருந்தா?”

“எண் இன்னும் கீழ போயிருக்கும். இதயமும் துடிச்சிட்டே இருந்திருக்கும்.”

“அப்போ இது என்ன?”

“உடம்பு இருக்கு, விளக்கு எரியுது, உள்ள ஆள் இல்ல. அண்ணன் லீவுல வந்த மாதிரி.”

அண்ணி மறுக்கவில்லை. “எத்தனையைத் தொட்டா கத்தணும்?” என்று அக்காவிடம் கேட்டார்.

“எட்டு.”

“ஏழுல நிக்குது. அடுத்த படி எட்டு. கத்தறதுக்கு வாயைத் திறந்த நேரத்துலதான் செத்திருக்கு.” அண்ணி போனை மேஜையில் வைத்தார். “இது எப்பவுமே கத்தினதில்லையா?”

“அய்யோ, சனிக்கிழமை மத்தியானம்கூடக் கத்துச்சே! சரக்கு இறக்கறவர் கதவைத் திறந்து போட்டுட்டார். காது கிழிஞ்சுது. நான் பட்டனை அமுக்கினதும் அடங்குச்சு. அதையும் டைக்காரர் எனக்கு எதிராத்தான் சொல்றார். மத்தியானம் கத்தின பெட்டி ராத்திரி கத்தலைன்னா நீதான் ஏதோ பண்ணியிருக்கேங்கறார்.”

“இந்தப் பெட்டிக்கு உள்ள இருக்கிற புரோகிராமை எழுதினது யாரு, தெரியுமா?”

தெரிந்திருந்தது. முதல் பெட்டிகளை மாட்ட வந்தவரே அவர்தான். பிறகு கம்பெனியை விட்டு விலகிவிட்டார். போன மாதம் குழந்தை பிறந்ததும், எந்த ஊசி எப்போது போட வேண்டும் என்று அக்காவுக்கு போன் செய்து கேட்டிருக்கிறார்.

“ஸ்கூட்டரை எடு” என்றார் அண்ணி.

*

புரோகிராமரின் வீடு லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் உச்சியில் இருந்தது. மூச்சு வாங்கியபடி மணியை அடிக்கப் போனேன். அதற்குள் கதவு திறந்தது. ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையின் விரல் உதட்டின் மேல்.

“ஷ்ஷ். இப்பத்தான் தூங்கினா.”

அந்த நொடியில் என் போன் அடித்தது. கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்க ஒரு பெண் அழைத்திருந்தாள். குழந்தை எழுந்து, கட்டடத்திலிருந்த மற்றவர்களையும் எழுப்பியது. புரோகிராமர் என்னைப் பார்த்த பார்வையை நான் என் அண்ணியிடம் மட்டுமே கண்டிருக்கிறேன்.

அரை மணி நேரம் தோளில் போட்டு நடந்த பிறகு அவர் பேசத் தயாரானார். தாடி வளர்ந்திருந்தது. சட்டையில் பால் காய்ந்திருந்தது. அண்ணி வீடியோவைக் காட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது.

“செத்துப் போச்சு” என்றார் மெதுவாக. “சிக்னல்ல செத்திருக்கு.”

“சிவப்பா, பச்சையா?” என்றேன்.

“அந்த சிக்னல் இல்லீங்க. உள்ள ஒரு புரோகிராம் ஓடுது. சூட்டைப் பாத்துக்கிட்டே இருக்கறதுதான் அதுக்கு வேலை. எட்டைத் தொட்டா தனக்குத்தானே ஒரு குரல் கொடுத்துக்கும். இருக்கிற வேலையை விட்டுட்டு ஓடி வான்னு. அதுக்குப் பேர் சிக்னல். அந்தக் குரல் வந்தா யாரு ஓடி வரணும்னு முன்னாடியே பதிஞ்சு வைக்கணும். ஓடி வர்றவனுக்குப் பேர் ஹேண்ட்லர். நம்ம ஹேண்ட்லர் ஓடி வந்து சைரனை அடிப்பான்.”

“யாரையும் பதிஞ்சு வைக்கலைன்னா?” என்றார் அண்ணி.

“லைப்ரரி தன் வழக்கப்படி நடந்துக்கும். அதோட வழக்கம் என்னன்னா, புரோகிராமை அதே இடத்துல முடிச்சு விட்டுடும். சத்தம் கிடையாது. திரையில கடைசியா எழுதினது அப்படியே நிக்கும்.”

“லைப்ரரியில சத்தம் போடக் கூடாதுன்னு எனக்கும் தெரியும்” என்றேன்.

“இது வேற லைப்ரரி.” அவருக்கு என்மீது இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் போய்க்கொண்டிருந்தது. “சி மொழியில எழுதறவங்க எல்லாத்தையும் தாங்களே எழுத மாட்டாங்க. பொது வேலைகளை யாரோ எழுதி வச்சிருப்பாங்க, அதை அப்படியே எடுத்துப் போட்டுக்குவோம். பெரிய கம்ப்யூட்டருக்குப் பெரிய லைப்ரரி, இந்த மாதிரிச் சின்னப் பெட்டிக்குச் சின்ன லைப்ரரி.”

“ஆனா ஹேண்ட்லரைத்தான் பதிஞ்சிருக்கீங்களே. மத்தியானம் கத்தியிருக்கே” என்றார் அண்ணி.

புரோகிராமர் வாயைத் திறப்பதற்குள் உள்ளறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. தூக்கம் கலைந்த குரல்.

“இவரையே பாருங்க, புரிஞ்சுடும். குழந்தை அழுதா நீங்கதான் எழுந்திருக்கணும்னு சொல்லி வச்சா, முதல் தடவை எழுந்துடுவார். தொட்டில்ல போட்டதும் நம்ம ஒப்பந்தம் முடிஞ்சுதுன்னு படுத்துக்குவார். மறுபடி அழுதா, மறுபடி நான் எழுப்பி, மறுபடி சொல்லணும்.”

“அதேதான்” என்றார் புரோகிராமர், கூச்சத்தோடு. “அந்தச் சின்ன லைப்ரரி அப்படித்தான். சிக்னல் வந்ததும் முதல்ல பதிவை அழிச்சிடும், அப்புறம்தான் ஹேண்ட்லரைக் கூப்பிடும். பதிவு ஒரு தடவைக்குத்தான் செல்லும். அதனால ஹேண்ட்லர் வந்ததும் முதல் வேலையா தன்னையே திரும்பப் பதிஞ்சுக்கணும். ஒரே ஒரு வரி. நான் எழுதினப்போ பெரிய போர்டு, பெரிய லைப்ரரி. அதுல பதிவு அழியாது, அந்த வரி தேவைப்படலை. போன வருஷம் நான் வெளிய வர்ற சமயத்துலதான் எல்லாப் பெட்டியையும் மலிவான சிப்புக்கு மாத்தினாங்க. அந்த வரியைச் சேத்துடுங்கன்னு டைக்காரர்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

“என்ன சொன்னார்?”

“டெஸ்ட் பண்ணோம், நல்லாக் கத்துதுன்னார். இரண்டாவது தடவை கத்துதான்னு கேட்டேன். பெட்டி என்ன கச்சேரியா பண்ணப் போகுதுன்னு கேட்டார்.”

“ஒரு வருஷமா இது எப்படி வெளிய தெரியாம இருந்துச்சு?”

“கரண்ட் போய் வந்தா புரோகிராம் முதல்லேர்ந்து ஓடும். பதிவும் புதுசா நடக்கும். அடிக்கடி கரண்ட் போற இடத்துல மாட்டிக்காது.”

அண்ணி உடனே கீழ்வீட்டு அக்காவுக்கு போன் செய்தார். ஒரே கேள்வி. பதிலைக் கேட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்.

“போன மாசம்தான் ஆஸ்பத்திரி முழுக்கப் புது இன்வெர்ட்டர் வச்சிருக்காங்க. அதுலேர்ந்து ஒரு நிமிஷம்கூட கரண்ட் போகலையாம்.”

“அடப் பாவமே” என்றேன். “கரண்ட் கட்தான் இத்தனை நாள் பெட்டியைக் காப்பாத்திட்டு இருந்திருக்கு.”

நான் சிரித்த சத்தத்தில் குழந்தை மறுபடி எழுந்தது. புரோகிராமர் அசையவில்லை. உள்ளறையிலிருந்து அவர் மனைவி, “கேட்டீங்களா?” என்றார்.

*

போலீசுக்குப் போகுமுன் டைக்காரரின் விளக்கத்தைக் கேட்கப் பெரிய டாக்டர் வைத்திருந்த கூட்டத்துக்காக, பிற்பகல் ஆஸ்பத்திரியின் கூட்ட அறையில் கூடினோம். பெரிய டாக்டர் மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கீழ்வீட்டு அக்கா ஓரமாக, நாற்காலியின் நுனியில். நாங்கள் அவருடைய உறவுக்காரர்கள் என்று சொல்லி உள்ளே நுழைந்திருந்தோம்.

டைக்காரர் எழுந்து நின்றார். டையில் குட்டிக் குட்டியாக இதயங்கள். திங்கட்கிழமை அவர் ‘பரிசோதனைக்காக’ எடுத்துக்கொண்டு போன பெட்டி மேஜையில் இருந்தது. அவர் ‘நம்பிக்கை’ என்ற சொல்லைப் பாடாய்ப் படுத்தினார். எங்கள் பெட்டி பெட்டி அல்ல, நம்பிக்கை. எங்கள் கம்பெனி கம்பெனி அல்ல, குடும்பம். பெரிய டாக்டர் தலையாட்டினார். எனக்குக் கொட்டாவி வந்தது.

“எனக்கு மெஷின் விஷயம் ஒண்ணும் தெரியாதுங்க” என்றார் அண்ணி அப்பாவியாக. இந்தக் குரலை அவர் எடுத்தால் நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்வேன். “இது அதே பெட்டிதானே?”

“அதே பெட்டிதான் மேடம்.”

“நடுவுல பிரிச்சு ஏதாவது ரிப்பேர் பண்ணீங்களா?”

“நல்லா இருக்கிறதை எதுக்கு மேடம் ரிப்பேர் பண்ணணும்? மூடியில ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடலை. தூசி துடைச்சதோட சரி.”

“சரி, கத்த வச்சுக் காட்டுங்க.”

டைக்காரர் சென்சார் கம்பியைக் குளிர்ந்த தண்ணீர் டம்ளரிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். எண் ஏறியது. எட்டைத் தொட்டதும் பெட்டி அலறிய அலறலில் பெரிய டாக்டர் நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தார். டைக்காரர் பட்டனை அழுத்திவிட்டு, கைதட்டலை எதிர்பார்ப்பவர் போல நின்றார்.

“அருமை” என்றார் அண்ணி. “அணைக்காம, இன்னொரு தடவை.”

நான் நாற்காலி நுனிக்கு வந்தேன். இப்போது பெட்டி சாகும், டைக்காரரின் முகத்தில் ஈயாடாது, நாங்கள் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

டைக்காரர் சிரித்தார். கம்பியைத் தண்ணீரில் ஆற வைத்தார். மறுபடி கைக்குள் மூடினார். எண் ஏறியது. ஏழு. எட்டு.

பெட்டி முன்பைவிட ஜோராக அலறியது.

“இன்னும் எத்தனை தடவை வேணும் மேடம்?” என்றார் டைக்காரர். கேட்காமலே மூன்றாவது முறையும் செய்து காட்டினார். மூன்றாவது முறையும் கத்தியது. குட்டி இதயம் குதித்துக் குதித்துத் துடித்தது.

அண்ணியின் முகம் தொங்கிப்போனது. கீழ்வீட்டு அக்கா குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உறவுக்காரங்க ஆசைக்குப் பாத்தாச்சு இல்ல?” என்று பெரிய டாக்டர் போனைக் கையில் எடுத்தார். “நான் ஸ்டேஷனுக்குப் பேசிடறேன்.”

“நாம டீ குடிச்சிட்டாவது வந்திருக்கலாம் அண்ணி” என்று முணுமுணுத்தேன்.

அண்ணி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் உதடு ஒரு பக்கமாக விரிந்தது. அண்ணி அப்படிச் சிரித்தால் யாருக்கோ வேலை போகப் போகிறது என்று பொருள். இன்சூரன்ஸ் கம்பெனியில் கேட்டால் சொல்வார்கள்.

“டாக்டர், ஒரு நிமிஷம். சார்கிட்ட கடைசியா ஒரே ஒரு சந்தேகம். இந்த ஆஸ்பத்திரியில உங்க பெட்டி வேற எங்கயாவது இருக்கா?”

“எல்லா இடத்துலயும்!” டைக்காரரின் நெஞ்சு விரிந்தது. “ரத்த வங்கி, லேப், ஆபரேஷன் தியேட்டர்…”

“எல்லாத்துலயும் இதே புரோகிராம்தானா?”

“ஒரு எழுத்துகூட மாறாது மேடம். ஒரே நாள்ல, ஒரே மாதிரி செஞ்சது. தரம்னா அதுதான்.”

“நல்லது. ரத்த வங்கிக்குப் போய் அதையும் ஒரு தடவை பாத்துடலாமா? மனசுக்குத் திருப்தியா இருக்கும்.”

டைக்காரரின் நெஞ்சு விரிந்த வேகத்திலேயே சுருங்கியது. “எதுக்கு மேடம், அங்க எல்லாம் போய், நோயாளிங்களுக்குத் தொந்தரவு…”

“ரத்த வங்கியில நோயாளி இருக்க மாட்டாங்க” என்றார் கீழ்வீட்டு அக்கா. கூட்டம் தொடங்கியதிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ரத்த வங்கி அதே தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. ஆள் உயரக் குளிர்பெட்டி. அதன் தலைக்கு மேலே அதே எச்சரிக்கைப் பெட்டி, அதே குட்டி இதயம். அண்ணி சொன்னபடி நான் எச்சரிக்கைப் பெட்டியின் சுவிட்சை ஒரு முறை அணைத்துப் போட்டேன். பிறகு குளிர்பெட்டியைத் திறந்து, உள்ளே தொங்கிய சென்சார் கம்பியை வெளியே இழுத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

பெட்டி கத்தியது.

“பாத்தீங்களா!” என்றார் டைக்காரர். ஆனால் அவர் கை அந்த சுவிட்சை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

“தொடாதீங்க” என்றார் அண்ணி. “தம்பி, பட்டனை மட்டும் அமுக்கு. ஆற வை. இன்னொரு தடவை.”

கம்பியை உள்ளே விட்டு ஆற வைத்தேன். வெளியே எடுத்தேன். கைக்குள் மூடினேன். எண் ஏறியது. ஐந்து. ஆறு. ஏழு.

அங்கேயே நின்றது. யாரோ பேனாவைக் கீழே போட்ட சத்தம்கூடக் கேட்டது. திரையில் விளக்கு எரிந்தது. இதயம் அசையவில்லை.

“காலமாயிட்டார்” என்றேன்.

பெரிய டாக்டர் எம்பி எம்பித் திரையைப் பார்த்தார். “என்னய்யா இது?” என்றார். பிறகு, பெரிய விஷயங்களைப் பேச அவருக்குப் பெரிய நாற்காலி தேவைப்பட்டதால், எல்லோரையும் கூட்ட அறைக்கே திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

“தற்செயலா நடந்திருக்கும்” என்று டைக்காரர் வழியிலேயே ஆரம்பித்துவிட்டார். “பழைய புரோகிராமர் பண்ணின தப்பா இருக்கும். எனக்கு இப்பத்தான் தெரியுது.”

“தப்பு யாரோடதுன்னு நான் கேக்கவே இல்லையே சார்” என்றார் அண்ணி. உட்காரவில்லை. “சரி பண்ணினது யாருன்னுதான் கேக்கறேன். எல்லாப் பெட்டியும் ஒரு எழுத்து மாறாதுன்னீங்க. இந்தப் பெட்டியை ஒரு ஸ்க்ரூகூடத் தொடலைன்னீங்க. ரெண்டும் உண்மைன்னா, அங்க செத்த பெட்டி மாதிரியே இதுவும் ரெண்டாவது தடவை செத்திருக்கணும். இது மட்டும் எப்படி மூணு தடவை கத்துச்சு?”

டைக்காரர் டையைத் தளர்த்தினார்.

“திங்கட்கிழமை எடுத்துட்டுப் போனீங்க. வியாதி என்னன்னு கண்டுபிடிச்சீங்க. மருந்தும் கொடுத்தீங்க. ஒரு வரி மருந்து. செவ்வாய்க்கிழமை உங்க பெட்டிக்கு உடம்பு சரியாயிடுச்சு. புதன்கிழமை வந்து, பெட்டி பிறந்ததுலேர்ந்து ஆரோக்கியமா இருக்கு, இந்தம்மாதான் திருடின்னு சொல்றீங்க. உங்க பெட்டி இன்னைக்குக் கத்தாம இருந்திருந்தா, உங்களுக்கு விஷயமே தெரியாதுன்னு நான் நம்பியிருப்பேன் சார். கத்தித்தான் காட்டிக் கொடுத்துடுச்சு.”

“அதான் கண்டுபிடிச்சுட்டியே, மத்த பெட்டியை எல்லாம் ஏன்யா சரி பண்ணலை?” என்று பெரிய டாக்டர் கத்தினார்.

“எல்லாத்தையும் கழட்டினா, ஏன்னு கேப்பீங்களே சார்!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஹேண்ட்லரைத் திரும்பப் பதிய மறந்துட்டார்” என்று அண்ணியின் காதில் சொன்னேன். இந்த முறை அண்ணி சிரித்தார்.

அதற்குப் பிறகு நடந்தது பார்க்கச் சகிக்காத காட்சி. பெரிய டாக்டரின் குரலில் தேன் ஒழுகியது. அக்காவை அவர் முதல் நாளிலிருந்தே நம்பினாராம். சஸ்பென்ஷன் என்பது வெறும் நடைமுறையாம். போலீஸ் என்ற பேச்சே ஒரு பேச்சுக்காக வந்ததாம். “நீங்க இந்த ஆஸ்பத்திரியோட தூண் அம்மா” என்றார். திங்கட்கிழமை அந்தத் தூணைப் பிடுங்கி வெளியே எறிந்தது யார் என்று கேட்க என் நாக்கு துடித்தது. அண்ணி என் காலை மிதித்தார்.

கீழ்வீட்டு அக்கா அவர் பேச்சைக் கேட்டதாகவே தெரியவில்லை. நெற்றியைச் சுருக்கி எதையோ யோசித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று எழுந்தார்.

“ரத்த வங்கிப் பெட்டியை அணைச்சுப் போட்டு வந்தீங்களா?”

டைக்காரர் தன் டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“அது செத்துத் தொங்குதே. இனிமே சூடானாக் கத்தாதே. சரி, குளிர்பெட்டிக் கதவையாவது யாராவது சாத்தினீங்களா?”

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்த்தார். பெரிய டாக்டர் டைக்காரரைப் பார்த்தார். துப்பறியும் நிறுவனம் முழுவதும், மருத்துவத் துறையின் ஒரு பகுதியும், தரத்துக்குப் பெயர்போன ஒரு கம்பெனியும் சேர்ந்து, ஒரு குளிர்பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு நியாயம் பேச வந்திருந்தோம்.

அக்கா பெரிய டாக்டரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம். தாழ்வாரத்தில் அவர் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

குளிர்பெட்டிக் கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்திருந்தது. வெள்ளைப் புகை தரையில் வழிந்துகொண்டிருந்தது. நான் இழுத்துப் போட்ட சென்சார் கம்பி வெளியே ஆடிக்கொண்டிருந்தது. அக்கா உள்ளே கையை விட்டு, மூலையில் கிடந்த சாதாரணத் தெர்மாமீட்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு ரத்தப் பையைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த தட்டிலும் ஒன்று.

“அஞ்சுதான்” என்றார். “தப்பிச்சுது.”

கம்பியை உள்ளே விட்டார். கதவைச் சாத்தி, தோளால் ஒரு முறை அழுத்தினார். எச்சரிக்கைப் பெட்டியின் சுவிட்சை அணைத்துப் போட்டார். குட்டி இதயம் துடிக்கத் தொடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான் அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். சஸ்பென்ஷன் உத்தரவு இன்னும் ரத்தாகவில்லை என்பதைச் சொல்லும் துணிச்சல் அங்கே யாருக்கும் இல்லை.

“எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க. இங்க வேலை நடக்கணும்.”

முதல் ஆளாக வெளியேறியது பெரிய டாக்டர்தான்.